கத்திரி வெயிலில் புதுச்சேரிக் கடலோரம்: கேரவனில் தங்குவோருக்குச் சில குறிப்புகள்

கேரவன் என்றால் சினிமா ஷூட்டிங் என்றிருந்த காலம் போய், இப்போது குடும்பங்களும் அதை வாடகைக்கு எடுக்கின்றன. அது கிடைக்காதவர்கள் டெம்போ டிராவலரில் பாய், அடுப்பு, கேன் தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் புறப்படுகிறார்கள். பள்ளி விடுமுறையும் கத்திரி வெயிலும் சேர்ந்து வருவதால் மே மாதத்தில்தான் கூட்டம் அதிகம். கடல் பக்கத்தில் இருந்தால் குளுமையாக இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள் முதல் நாள் மதியமே தவித்துப்போகிறார்கள். வண்டி ஓர் இரும்புப் பெட்டி. ராத்திரி படுப்பதற்கு மட்டும்தான் அது வீடு. பகலில் அதை விட்டு இறங்கி நிழலுக்குப் போய்விட வேண்டும்.

1. ஊருக்குள் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளை விடமாட்டார்கள். அங்கே இரவு தங்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வடக்கே சின்ன முதலியார்சாவடி பக்கமோ, தெற்கே நோணாங்குப்பம், வீராம்பட்டினம் பக்கமோ தோப்பு உள்ள விடுதிகளில் கேட்டு, வாடகை பேசி நிறுத்துங்கள். கழிவறை, குளிக்கத் தண்ணீர், ஏசி தாங்கும் பெரிய பிளக் மூன்றும் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுவது நல்லது.

2. காய் உள்ள தென்னைக்குக் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள், பாய் விரித்துப் படுக்கவும் வேண்டாம். ஒரு தேங்காய் விழுந்தால் கண்ணாடியோ மண்டையோ போகும். பூவரசு, புங்கை, வேம்பு நிழல் கிடைத்தால் அதுவே உத்தமம்.

3. இந்தக் கரையில் காலையில் தரையிலிருந்து வீசும் மேல்காற்று அனலாக இருக்கும். கடல்காற்று நண்பகலை ஒட்டித்தான் உள்ளே வரும். மேல்காற்று பலமாக இருந்தால் மாலை வரைகூட வராது. மே மாதத்தில் கடல்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வரும். அதனால் வண்டியின் கதவும் பெரிய ஜன்னலும் அந்தத் திசையைப் பார்க்கட்டும். ஜன்னல் இல்லாத பக்கம் மேற்கே இருக்கட்டும். மேற்குப் பக்கத்தில் கயிறு கட்டி வெள்ளை வேட்டியையோ பழைய பெட்ஷீட்டையோ தொங்க விடுங்கள். துணி வண்டியின் தகட்டில் ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி இருந்தால்தான் பலன்.

4. தயவுசெய்து இந்தக் குறிப்பை மட்டும் இரண்டு முறை படியுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் ஏசி போட்டுத் தூங்கிய இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் புகை தரையிலிருந்த துவாரம் வழியாக உள்ளே நுழைந்திருக்கிறது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. ஆய்வில் தெரிந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார். இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு வண்டிக்குள் தூங்கவே கூடாது. தங்கும் இடத்தின் கரன்ட்டில் மட்டும் ஏசி போடுங்கள். கரன்ட் போனால் ஜன்னலைத் திறந்து, கொசுவலையைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுங்கள்.

5. காஸ் அடுப்பை வண்டிக்கு வெளியே, காற்று மறைவில் வைத்துச் சமையுங்கள். காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். வேலை முடிந்ததும் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டு நிழலில் வையுங்கள்.

6. சுருட்டிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஏசி ஓட்டினால் ஒயர் சூடாகி உருகும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள்.

7. பதினொன்றிலிருந்து நான்கு வரை வண்டியில் யாரும் இருக்க வேண்டாம். வெளியே 35 டிகிரி என்றால், கண்ணாடி ஏற்றி வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அரை மணியில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். குழந்தையை ஐந்து நிமிஷம்கூட உள்ளே விட்டுப் போகாதீர்கள். புதுச்சேரிக்காரர்களே மதியத்தில் வெளியே திரிய மாட்டார்கள். பல கடைகள் ஒரு மணிக்கு மூடி நான்கு மணிக்குத்தான் திறக்கும். ஆசிரமமும் 12 முதல் 2 வரை மூடியிருக்கும். அந்த நேரத்துக்கு அருங்காட்சியகம், 1827-ல் தொடங்கிய ரொமேன் ரோலன் நூலகம் போன்ற இடங்களை, விடுமுறை நாள் விசாரித்து, வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு விடியற்காலையில் போங்கள். மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும்.

8. கடலோரத்துக் கிணறும் போரும் பல இடங்களில் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர், மற்றதற்கு அங்குள்ள தண்ணீர் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். இந்த ஊருக்கும் நல்ல தண்ணீர் முத்திரையர்பாளையத்திலிருந்துதான் வந்தது. அதன் நினைவாக பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய வெள்ளை ஆயி மண்டபம் பாரதி பூங்காவின் நடுவில் நிற்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

9. வெயில் காலத்தில் கட்டுச்சோற்றில் கவனம் வேண்டும். தயிர்சாதத்துக்குச் சாதத்தைக் குழைய வடித்து, காய்ச்சிய பாலை நிறைய விட்டுப் பிசைந்து, ஆறிய பின் இரண்டு ஸ்பூன் தயிர் மட்டும் சேருங்கள். மதியம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். புளியோதரையை நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறினால் இரவு வரை தாங்கும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் போதும். முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்தால், காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடலாம். கடலில் ஆடிவிட்டு வந்த உடம்புக்கு இதற்கு ஈடாக எந்த ஓட்டல் டிபனும் இல்லை என்பது என் முடிவு.

10. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கரையில் கிடைப்பது சிறு படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான். விலை ஏறித்தான் இருக்கும். மீனைக் காலையில் வாங்கி, காலையிலேயே சமைத்துவிடுங்கள். மீன் வைக்கும் ஐஸ் கட்டி பெட்டியைக் குளிர வைக்க மட்டுமே, ஜூஸில் போடாதீர்கள்.

11. கடல்காற்றில் உப்பும் தீப்பெட்டியும் நமத்துப்போகும். உப்பில் ஒரு பிடி வறுத்த அரிசி போட்டு வையுங்கள். தீப்பெட்டியை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

12. வாசலில் ஒரு தேங்காய்நார் மிதியடி, பக்கத்தில் ஒரு டப் தண்ணீர். காய்ந்த காலில் ஒட்டிய மணலுக்கு டால்கம் பவுடர் தூவித் துடைத்தால் உதிர்ந்துவிடும். படுக்கக் கோரைப்பாய் போதும். ஸ்பான்ஜ் மெத்தை வியர்வையைக் கூட்டும். வியர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீரைத் தடவலாம்.

13. ஊருக்குள் கடற்கரை நெடுகப் பாறை கொட்டியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. 1980-களில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பின் வடக்கே மணல் அரித்துப் போனதால்தான் அந்தப் பாறைகள். அங்கே இறங்காதீர்கள். மற்ற இடங்களிலும் மீனவர்களைக் கேட்டுவிட்டு, முழங்கால் அளவோடு நில்லுங்கள். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடாமல், பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். குடித்துவிட்டுக் கடலில் இறங்க யாரையும் விடாதீர்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை, தடுத்துவிடுங்கள்.

14. மணல் கரையில் இரவு விளக்குகளை அணைத்து வையுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள் இட்ட முட்டையிலிருந்து மே மாதத்திலும் குஞ்சுகள் வரக்கூடும். வெளிச்சத்தைப் பார்த்தால் கடலை விட்டுத் திசை மாறிப்போகும். குப்பையைப் பைகளில் கட்டி ஊருக்குள் தொட்டியில் போடுங்கள். கழிவுநீரை மணலில் திறந்துவிடாதீர்கள்.

15. திரும்பும் வழியில் முதல் வேலையாக வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

16. ஒருவருக்கு உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது வெயில் தாக்கம். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தவறியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. வெறும் களைப்பு என்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல்படை 1554. பெரிய அரசு மருத்துவமனை கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். இந்த மூன்றையும் வண்டிக் கதவின் உள்பக்கம் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.