வாரண்டி ஐந்து வருடம், வழக்குக்கு இரண்டே வருடம்

கேள்வி: திருப்பதி அலிபிரியில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். 2021 ஜூனில் வீட்டு முற்றத்தில் 600 சதுர அடிக்குச் செயற்கைப் புல் போட்டோம். சென்னை கான்ட்ராக்டர், மொத்தம் 78,000 ரூபாய். புல்லுக்கும் வேலைக்கும் சேர்த்து ஐந்து வருட வாரண்டி என்று கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுத்தார். 2023 ஏப்ரலில் ஜாயின்ட் விட்டு ஓரங்கள் சுருண்டன. ஆகஸ்டில் ஆள் அனுப்பிப் பசை போட்டு ஒட்டினார். நவம்பரில் திரும்பவும் பிரிந்தது. 2024 ஜனவரி 10 அன்று, "வாரண்டியில் வராது, 28,000 ஆகும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். ஜன்னலை ஒட்டிய இடத்தில் புல் உருகியும் இருக்கிறது. மிகவும் கிழிந்த துண்டுகளை வெட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டோம். பில் வாங்கவில்லை. உறவினர் வருகை, பிரம்மோற்சவம் என்று நாள் ஓடிவிட்டது. வாரண்டி 2026 ஜூன் வரை இருப்பதால் அதற்குள் வழக்குப் போட்டால் போதும்தானே?
– வாசகர், அலிபிரி

பதில்: போதாது. வாரண்டி என்பது பழுது வந்தால் கான்ட்ராக்டர் சரிசெய்து தர வேண்டிய காலம். நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டிய காலம் வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-இன்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான். எதிர்த்தரப்பு இந்தக் கெடுவைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும் ஆணையம் தானாகப் பார்த்தாக வேண்டும். பழைய சட்டத்தில் இதே விதி இருந்தபோதே, பாரத ஸ்டேட் வங்கி – பி.எஸ். அக்ரிகல்ச்சுரல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது.

ஆகவே உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்: காரணம் எழுந்தது எந்த நாள்? ஜாயின்ட் விட்ட 2023 ஏப்ரல்தான் என்று கான்ட்ராக்டர் வாதிடுவார். அது எடுபட்டால் கெடு 2025 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஆகஸ்டில் ஆள் அனுப்பி ஒட்டியதன் மூலம் பொறுப்பை ஏற்றுக்கொண்டார், 2024 ஜனவரி 10-இல்தான் கைவிரித்தார், காரணம் அன்றுதான் எழுந்தது என்பது நம் பக்க வாதம். எனக்கு இது வலுவாகவே தெரிகிறது. ஆனால் அந்த ஆகஸ்ட் வருகைக்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்? "நாளை ஆள் வருகிறார்" என்ற ஒரு செய்தி, கேமரா பதிவு, வேலையாளுக்கு அனுப்பிய பணம், எதுவானாலும் இன்றே தேடி எடுங்கள். இதை 2025 டிசம்பரில் எழுதுகிறேன். ஜனவரி 9, வெள்ளிக்கிழமைக்குள் மனு தாக்கலாக வேண்டும். சங்கராந்தி கழியட்டும் என்று இருந்தால் எல்லாம் கழிந்துவிடும்! வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நீளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நீளாது. ஏப்ரல் வாதத்துக்கு அஞ்சி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் பிரிவு 69(2)-இன் கீழ் கூடவே போடுவது நல்லது.

அந்த மனுவில் என்ன காரணம் எழுதுவீர்கள்? பிரம்மோற்சவமா? அது வருடாவருடம் வருகிறது. அலிபிரியில் வீடு இருந்தால் திருமலைக்குப் படியேற வரும் உறவினரும் வருடம் முழுக்க வருவார்கள். 'போதுமான காரணம்' என்று சட்டம் கேட்பது இதை அல்ல. மருத்துவமனையில் இருந்தீர்களா, ஊரில் இல்லையா, சொல்லுங்கள், இல்லாததை எழுதாதீர்கள்.

அதைவிட வருத்தம், கிழிந்த துண்டுகளைக் குப்பை வண்டியில் போட்டது. பொருளின் குறையைப் பரிசோதனை இல்லாமல் முடிவுசெய்ய இயலாது என்றால் ஆணையம் மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்கிறது பிரிவு 38. மாதிரிக்குப் பொருள் வேண்டாமா? மிச்சமிருப்பதில் இனி யாரும் கை வைக்கக் கூடாது. உள்ளூர் ஆளை வைத்து ஒட்டும் எண்ணமிருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள். அவரிடம் எழுத்தில் ஒரு மதிப்பீடு மட்டும் வாங்குங்கள்; ஜாயின்ட் டேப் எப்படி விட்டிருக்கிறது, அடியில் தளம் சமமாக இருக்கிறதா என்று குறிப்பிடச் சொல்லுங்கள். தேதியுடன் படம் எடுங்கள்.

பில் வாங்காமல் வரியை மிச்சம் பிடித்தவர்கள் எல்லாரும் பிறகு என்னிடம்தான் வருகிறார்கள். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்தக் கணக்கு அறிக்கை ஓரளவு காப்பாற்றும். வாரண்டி எழுதிய கொட்டேஷனின் அசல் எங்கே? புல் தயாரிக்கும் கம்பெனி தரும் வாரண்டி பெரும்பாலும் புல்லுக்கு மட்டும்தான். ஜாயின்ட் விட்டது போட்டவரின் சேவைக் குறைபாடு. அந்தப் பொறுப்பை வாரண்டியோடு கட்டிவைப்பது 'வேலைக்கும்' என்ற அந்த ஒரு சொல். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பாரதிய சாக்ஷிய அதிநியம், பிரிவு 63-இன்படி சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். தமிழில் உள்ளவற்றுக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

உருகிய பகுதியை இந்த வழக்கில் சேர்க்க அவசரப்படாதீர்கள். சிலவகை இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களில் பட்டுத் திரும்பும் வெயில் செயற்கைப் புல்லை உருக்கிவிடும். ஜன்னல் புல்லுக்குப் பிறகு போட்டதா? அப்படியானால் அதை விட்டுவிடுங்கள். கான்ட்ராக்டரின் வக்கீல் அந்த ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டே உங்கள் முழு மனுவையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குவார்.

சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்கிடப் பிரிவு 34 இடம் தருகிறது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடம் பயன்படுத்திவிட்டு முழுப் பணத்தையும் கேட்பது எடுபடாது. பழுது நீக்கும் செலவு, நியாயமான நஷ்டஈடு, வழக்குச் செலவு என்று கேளுங்கள்.

இது நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான கருத்து. ஆவணங்களை நான் பார்க்கவில்லை. பார்த்தால் என் கருத்தே மாறலாம். இந்த வாரமே திருப்பதியில் நுகர்வோர் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். போகும்போது கொட்டேஷன் அசல், வங்கி அறிக்கை, போன் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள்.