அலுவலகக் குப்பைக் கூடையும் காகித நாரும்

அலுவலகம் ஒன்றின் குப்பைக் கூடையை மாலையில் கவிழ்த்துப் பார்த்தால், அதிற் பெரும்பகுதி காகிதமாகவே இருக்கக் காணலாம். பிழை திருத்த அச்செடுத்த வரைவு, ஒருபுறம் மட்டும் எழுத்துள்ள சுற்றறிக்கை, 'தகவலுக்காக' வந்த மிகைப்படி முதலியவற்றோடு, தேநீர் அருந்திய குவளையும் சமோசா சுற்றிய தாளும் கலந்து கிடக்கும். இக்கலப்பே இங்கு ஆராயத்தக்கது. தனியே இருந்தவரை விலைபெறும் மூலப்பொருளாயிருந்த காகிதம், கூடையில் விழுந்த சில நிமிடங்களில் எதற்கும் உதவாப் பொருளாகிவிடுகிறது.

காகிதம் என்பது செல்லுலோஸ் என்னும் பொருளாலான தாவர நார்களின் மெல்லிய பின்னலாகும். இந்நார்களைச் சேர்த்து நிறுத்துவது முதன்மையாக ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் ஈர்ப்பே. நீரில் ஊறினால் இப்பிணைப்பு தளர்ந்து நார்கள் பிரிந்து கூழாகின்றன. நீரை வடித்து உலர்த்தினால் மீண்டும் பிணைகின்றன. பழைய தாளினின்று புதிய தாள் செய்ய இயல்வது இப்பண்பினாலேயே. ஆயினும், ஒவ்வொரு முறையும் நார் சற்றே குட்டையாகி, விறைப்புற்று, பிணையும் ஆற்றலிற் குறைகிறது. ஒரு நார் ஐந்து முதல் ஏழு முறை வரை இவ்வாறு பயன்படலாம் என்பது பொதுவான கணிப்பு. எனவே, பழைய காகிதத்தைத் திரும்பப் பயன்படுத்துவது நன்றே எனினும், வேண்டாத தாளை அச்செடுக்காமலிருப்பதற்கு அது ஈடாகாது.

எண்ணெய் பட்ட தாளின் நிலை வேறு. எண்ணெய் நீரிற் கரையாமல் கூழுடன் தங்கி, புதிய தாளிற் கறையாகவும் பொத்தலாகவும் வெளிப்படும். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். சுத்தமான தாள் ஒன்றையும், நல்லெண்ணெய் தடவிய தாள் ஒன்றையும் தனித்தனியே கிழித்து ஓர் இரவு நீரில் ஊறவைத்து, மறுநாள் மசித்து, மெல்லிய துணியில் வடித்து உலர்த்துக. இரண்டையும் வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கும் மாணவனுக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

தேநீர்க் குவளையைப் பற்றி ஒரு சொல். பிளாஸ்டிக் குவளைகள் இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்டன. அவற்றின் இடத்திற்கு வந்த காகிதக் குவளையைக் குற்றமற்றதாகப் பலர் கருதுகின்றனர். அதன் உட்புறத்திலோ மெல்லிய பாலிதீன் பூச்சு உண்டு. அதனாலேயே தேநீர் ஒழுகுவதில்லை. பழைய தாள்களோடு அதனைச் சேர்த்தல் ஆகாது. வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் ரசீதுத் தாளையும், அதன் மேற்பூச்சிலுள்ள இரசாயனங்கள் காரணமாக, விலக்கியே வைக்கவேண்டும். கண்ணாடித் தம்ளரோ எவர்சில்வர் தம்ளரோ இருக்கையில் இந்தத் தொல்லையே இல்லை.

இனி அளவைக் காண்போம். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர் பரப்பாகும். சதுர மீட்டருக்கு 75 கிராம் எடையுள்ள தாளாயின், ஒரு தாளின் எடை ஏறத்தாழ 4.7 கிராம், 500 தாள் கொண்ட ஒரு ரீம் ஏறத்தாழ 2.34 கிலோகிராம். நாளொன்றுக்கு இரண்டு ரீம் செலவிடும் அலுவலகம், 250 வேலை நாட்களில் 1,170 கிலோகிராம் காகிதத்தைப் பயன்படுத்துகிறது. அத்தனையும் ஒருபுறம் மட்டும் அச்சிடப்படுவதாயின், இருபுறமும் அச்சிடுவதால் அதிற் பாதி மிஞ்சும். ஊழியர்கள் ஒரு வாரக் குப்பையை வகைபிரித்து நிறுத்துப் பார்ப்பார்களாயின், தம் அலுவலகத்திற்குரிய கணக்கு கைக்கு வந்துவிடும். மின்கோப்பு முறை வந்த பின்னரும், திரையில் உள்ளதைப் படிப்பதற்கென்றே அச்செடுக்கும் வழக்கம் எவ்வளவு நீடிக்கிறது என்பதும் அப்போது தெரியவரும்.

பிரிக்கப்படாத காகிதம் குப்பைக் கிடங்கிற் புதைந்து, காற்றின்றி மக்கும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. இவ்வாயு எளிதில் தீப்பற்றுவது; கரியமில வாயுவினும் பன்மடங்கு வெப்பத்தை வளிமண்டலத்தில் தேக்கிவைப்பது. கிடங்குத் தீயின் கொடுமையைக் கொச்சி நகர மக்கள் அறிவர். பிரம்மபுரம் கிடங்கில் 2023 மார்ச் 2 அன்று பற்றிய தீ, பத்து நாட்களுக்கு மேல் நகரைப் புகையில் ஆழ்த்தியது. சில வெளியிட அலுவலகங்களில் பழந்தாள்களை முற்றத்திலேயே கொளுத்திவிடுகின்றனர். புகையும் மிஞ்சி, நாரும் அழிந்துபோகும் இவ்வழக்கம் எல்லாவற்றினும் தீயது.

எனினும் சிக்கனத்தின் பேரால் கோப்புகளை அவசரப்பட்டுக் கழித்தலும் தவறு. மத்திய அரசின் ஆவணங்களை விதித்த முறைப்படியன்றி அழிக்கலாகாது என்பது 1993 ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம். 1892 க்கு முற்பட்ட ஆவணம், பயன்படுத்தவே இயலாதபடி சிதைந்திருந்தாலன்றி, எவ்வகையிலும் அழிக்கத்தக்கதன்று. முறைப்படி கழிக்கப்பட்டவற்றுள் இரகசியமானவற்றை மட்டும் துண்டாக்கும் இயந்திரத்தில் இடுக. துண்டாக்குதல் நாரை மேலும் குட்டையாக்குமாதலின், ஏனையவற்றை முழுத்தாளாகவே கட்டி வைத்தல் நலம். தில்லியில் கபாடிவாலா எனப்படும் பழைய பொருள் வியாபாரியும் நனையாத, கலப்பில்லாத கட்டுக்கே நல்ல விலை தருவார். தாள்களிற் குத்திய சிறு கம்பி ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. ஆலையிற் கூழைச் சலிக்கும்போது அவை நீங்கிவிடும். பிளாஸ்டிக் உறைகளையும் கோப்புப் பிடிகளையும் மட்டும் கழற்றிவிட்டாற் போதும்.