காவலர் நிறுத்திய மின்சாரம்

நுழையும்முன்

கருவி ஒன்று நின்றுவிட்டால் அது பழுதாகிவிட்டது என்று எண்ணுவது இயல்பு. ஆனால், வீட்டில் உள்ளவர்களைக் காப்பதற்காகவே மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கவும் கூடும். இவ்விரண்டையும் பிரித்தறிவது உயிர்காக்கும் அறிவாகும்.

பாடம்

தில்லியில் சனவரி மாதக் காலை வேளைகளில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதுண்டு. இரவெல்லாம் மாடித் தொட்டியில் நின்ற நீர் கையை விறைக்கச் செய்யும். ஆகவே, வட இந்திய நகரங்களில் குளிர்காலம் முழுவதும் கீசர் எனப்படும் வெந்நீர்க் கலன் இன்றியமையாததாகிறது. பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் அது நின்றுபோனால் வீடே பரபரக்கும். அந்தப் பரபரப்பில்தான் பிழையான செயல்கள் நிகழ்கின்றன.

நான்கு காவலர்கள்

கலனுக்குள் வெப்பமூட்டும் கம்பிச்சுருள், உலோகக் குழாயில் அடைக்கப்பட்டு நீரில் மூழ்கியிருக்கும். நீர் குறித்த வெப்பநிலையை எட்டியதும் தெர்மோஸ்டாட் என்னும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை நிறுத்தும். நீர் ஆறியதும் மீண்டும் செலுத்தும். இது முதற்காவலர். அது தவறி, நீர் அளவுமீறிச் சூடேறினால் வெப்பத் துண்டிப்பி என்னும் இரண்டாம் காவலர் மின்னோட்டத்தை அறுத்துவிடும்.

மற்ற இருவரும் வீட்டின் மின்பெட்டியில் உள்ளனர். மின்னோட்டம் அளவுமீறினாலோ குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ எம்.சி.பி. துண்டிக்கும். ஆர்.சி.சி.பி. என்பது, சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். வீடுகளில் பெரும்பாலும் பொருத்தப்படும் வகை, 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலே நொடிப்பொழுதுக்குள் துண்டித்துவிடும்.

தேடும் முறை

மின்சாரம் வரும் வழியிலேயே தேடிச் செல்ல வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருத்தல் கட்டாயம். கையும் காலும் உலர்ந்திருத்தல் வேண்டும்.

1. வீட்டின் விளக்கும் மின்விசிறியும் இயங்குகின்றனவா? இல்லையெனில் மின்தடையாக இருக்கலாம், ஆர்.சி.சி.பி. துண்டித்திருக்கவும் கூடும்.

2. மின்பெட்டியில் எந்தப் பிடி கீழிறங்கியுள்ளது? கீசரின் சுவிட்சை அணைத்துவிட்டு, அப்பிடியைப் பெரியவர் ஒருமுறை மேலேற்றலாம். கீசரைப் போட்டதும் மறுபடி இறங்கினால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

3. பிளக்கும் சாக்கெட்டும் கருகியுள்ளனவா? தீய்ந்த வாடை வீசுகிறதா? 2000 வாட் கீசர், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதனை 16 ஆம்பியர் சாக்கெட்டிலேயே பொருத்த வேண்டும். 6 ஆம்பியர் சாக்கெட் அதைத் தாங்காது.

4. விளக்கு எரிந்தும் நீர் சூடாகவில்லையா? கம்பிச்சுருள் அறுந்திருக்கலாம், வெப்பத் துண்டிப்பி செயற்பட்டிருக்கலாம். கீசரின் மூடியைத் திறப்பது மின்பணியாளரின் வேலை.

நீர் மெல்லச் சூடானால் மின்னழுத்தம் குறைந்திருக்கலாம். 15 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 2000 வாட் கீசருக்கு ஏறத்தாழ 24 நிமிடம் ஆகும். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 184 வோல்ட்டாகக் குறைந்தால் திறன் 1280 வாட்டாகும். அதே வேலைக்கு 37 நிமிடம் தேவைப்படும்.

திறன்பேசியால் இயக்கும் கீசர்களில் மற்றொரு குழப்பமும் உண்டு. மின்தடைக்குப் பின் வைஃபை மீளும்வரை கீசர் திறன்பேசியுடன் இணையாது. அப்போது திரையை நம்பாமல், கீசரின் விளக்கையே பார்க்க வேண்டும்.

காவலரின் எச்சரிக்கை

கடினநீர் உள்ள ஊர்களில் கம்பிச்சுருளின் குழாய்மீது சுண்ணாம்புப் படலம் படியும். அதனால் குழாய் மிகைவெப்பமடைந்து, நாளடைவில் விரிசல் காணும். விரிசல் வழியே மின்சாரம் நீருக்குள் கசியும். அதை உணர்ந்த ஆர்.சி.சி.பி. உடனே மின்சாரத்தை நிறுத்தும். மீண்டும் மேலேற்றினால் மீண்டும் இறங்கும்.

குளிரில் காத்திருப்பவருக்கு இது எரிச்சலூட்டலாம். "இந்தப் பெட்டியில்தான் கோளாறு" என்று கருதி, ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுப்பவரும், எர்த் கம்பியைத் துண்டிப்பவரும், எம்.சி.பி.க்கு மாற்றாகப் பெரிய அளவுடையதைப் பொருத்துபவரும் உளர். அப்போது கீசர் இயங்கும், வெந்நீரும் வரும். ஆனால், கசிந்த மின்சாரம் தடுப்பாரின்றிக் குழாயையும் நீரையும் வந்தடையும். ஈரத்தரையில் நின்று குழாயைத் தொடுபவரின் உடல் அதற்கு வழியாகிவிடும்.

எனவே, மீண்டும் மீண்டும் இறங்கும் பிடியை ஒரு செய்தியாகக் கொள்ள வேண்டும். கீசரின் இணைப்பை நீக்கி, தகுதியுள்ள மின்பணியாளரை அழைப்பதே முறை. அவர் வரும்வரை அடுப்பில் காய்ச்சிய நீரில் குளிக்கலாம். காவலரைப் பணிநீக்கம் செய்துவிட்டுப் பெறும் வெந்நீர் எவருக்கும் வேண்டாம்.

சொல்லும் பொருளும்

விறைத்தல் – குளிரால் மரத்துப்போதல்
கசிவு – சிறிது சிறிதாக வெளியேறுதல்
படலம் – மெல்லிய அடுக்கு
மிகைவெப்பம் – அளவுக்கு மேற்பட்ட வெப்பம்

குறுவினா

1. வெப்பநிலைக் கட்டுப்படுத்தியின் பணி யாது?
2. கீசருக்கு 16 ஆம்பியர் சாக்கெட் தேவைப்படுவது ஏன்?

சிறுவினா

ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுப்பதால் நேரும் ஆபத்தை விளக்குக.

மொழிப்பயிற்சி

செயப்பாட்டுவினையாக மாற்றுக.
(எ.கா.) காவலர் மின்சாரத்தை நிறுத்தினார் – மின்சாரம் காவலரால் நிறுத்தப்பட்டது.
1. மின்பணியாளர் மூடியைத் திறந்தார்.
2. அம்மா இணைப்பை நீக்கினார்.

செயல்பாடு

உங்கள் வீட்டு மின்பெட்டியில் ஆர்.சி.சி.பி. உள்ளதா என்பதைப் பெரியவரிடம் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக. பெட்டியைத் தொட வேண்டாம்.