போன் ஆன் ஆகவில்லை

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழர்கள் நிறையப் பேர் வாழும் இடம். அங்கே பல வீடுகளில் விடியும் முன்பே இட்லி வேகும். விடிந்ததும் அந்த இட்லி நகரத்தின் பல பக்கங்களுக்கும் போகும்.

அங்கே ஒரு அக்கா. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லி விற்கிறார். இட்லிப் பாத்திரத்தின் மூடியில் ஒரு சதுரப் படம் ஒட்டியிருக்கிறார். படம் முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். அதற்கு க்யூஆர் என்று பெயர். வாங்குபவர்கள் தங்கள் போனை அதற்கு நேரே காட்டுவார்கள். பணம் அக்காவின் வங்கிக் கணக்குக்குப் போய்விடும்.

ஒரு நாள் காலை அக்காவின் போன் ஆன் ஆகவில்லை. பொத்தானை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினார். தட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“ஐயோ, பணமெல்லாம் இதுக்குள்ளதானே இருக்கு!” என்று பதறினார்.

பக்கத்தில் டீக்கடைத் தம்பி நின்றார்.

“அக்கா, பயப்படாதீங்க. போன்தான் படுத்துக்கிச்சு. உங்க பணம் பேங்க்ல இருக்கு. போன் சாவி மாதிரி. சாவி தொலைஞ்சா பெட்டியில இருக்கற காசு போயிடுமா?”

தம்பி சொன்னது சரி. பணம் வங்கியில் இருக்கிறது. போன் எண் சிம் கார்டோடு சேர்ந்தது. போன் அணைந்தாலும் இந்த இரண்டும் இருக்கும். பாத்திரத்தின் மூடியில் உள்ள படமும் வேலை செய்யும். யாராவது அதில் பணம் போட்டால் கணக்கில் சேரும். ஆனால் சேர்ந்ததா என்று அக்காவால் அப்போது பார்க்க முடியாது. சிலர் பொய்யான படத்தைக் காட்டி, “பணம் போட்டாச்சு” என்று ஏமாற்றுவதும் உண்டு. பணம் வந்ததைக் குரலில் சொல்லும் சிறிய பெட்டி இருந்தால் கவலை இல்லை. பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள் தனி சிம் இருக்கும். பெட்டி இல்லை என்றால், தெரியாத ஆளிடம் அன்று ரொக்கமாக வாங்குவது நல்லது.

சரி, போனை என்ன செய்வது? உடனே கடைக்கு ஓட வேண்டுமா? வேண்டாம். முதலில் நாமே சிலவற்றைப் பார்க்கலாம். இதற்குக் காசு செலவில்லை.

வேறு ஒரு போனிலிருந்து உங்கள் எண்ணுக்கு அழையுங்கள். மணி அடிக்கிறதா? போன் அதிர்கிறதா? அப்படியானால் போன் உயிரோடுதான் இருக்கிறது. திரைதான் கெட்டிருக்கிறது. கீழே விழுந்த போனில் இது அடிக்கடி நடக்கும். கடைக்காரரிடம் போகும்போது இதைச் சொல்லுங்கள். “போன் செத்துப்போச்சு” என்று சொல்லாதீர்கள். “மணி அடிக்குது, திரை தெரியல” என்று சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் என்று அவருக்குப் புரியும். வேண்டாத வேலைக்குப் பணம் கேட்கத் தயங்குவார்.

மணி அடிக்கவில்லையா? சார்ஜ் போடுங்கள். போட்டவுடன் திரையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பேட்டரி முழுவதும் காலியாகி இருந்தால், திரையில் அடையாளம் வரவே நேரம் ஆகும். அரை மணி நேரமாவது விட்டு வையுங்கள். நாம் பொதுவாக 5 நிமிடத்திலேயே பொறுமை இழந்துவிடுகிறோம்.

அரை மணி கழித்தும் ஒன்றும் இல்லையா? கோளாறு போனில்தான் என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பிளக்கில் கரண்ட் வருகிறதா? விளக்கையோ மின்விசிறியையோ போட்டுப் பாருங்கள். பிறகு வேறு ஒயர் போடுங்கள். பிறகு வேறு சார்ஜர். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெட்டது என்று தெரியாது. மடங்கி மடங்கி ஒயர்தான் முதலில் கெடும். ஒயரின் விலை எங்கே, போனின் விலை எங்கே!

சார்ஜ் போடும் ஓட்டையையும் பாருங்கள். சட்டைப் பையில், இடுப்பில் செருகி வைத்தால் நூலும் தூசியும் அங்கே அடையும். இட்லி மாவு, மசாலாத் தூள், சிமெண்டுத் தூள் எல்லாம் போகும். பிறகு ஒயர் உள்ளே சரியாக உட்காராது. பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள். குச்சி காய்ந்து இருக்க வேண்டும். ஊசி, ஊக்கு, ஹேர்பின் கூடாது. இரும்பு பட்டால் உள்ளே உள்ள மெல்லிய தகடுகள் வளைந்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சில நேரம் போன் உள்ளுக்குள்ளேயே திகைத்து நின்றுவிடும். அப்போது சாதாரணமாக அழுத்தினால் கேட்காது. பவர் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். 1 முதல் 30 வரை நிதானமாக எண்ணுங்கள். சில போன்களில் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். சாம்சங் போன்கள் பலவற்றில் இப்படித்தான். திரை மின்னி, கம்பெனியின் பெயர் வந்தால் கையை எடுத்துவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பொத்தான்களை மாற்றி அழுத்தினால், கறுப்புத் திரையில் ஆங்கில வரிகள் வரிசையாக வரலாம். அதில் ‘வைப் டேட்டா’ என்றோ ‘ஃபேக்டரி ரீசெட்’ என்றோ ஒரு வரி இருக்கும். போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடு என்று அதற்குப் பொருள். பேரக்குழந்தையின் படம், மகளின் கல்யாணப் படம் எல்லாம் போய்விடும். அந்தத் திரை வந்தால் எதையும் தொடாதீர்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். ‘ரீபூட்’ என்று தொடங்கும் வரிதான் நமக்கு வேண்டியது. மறுபடி ஆன் செய் என்று பொருள். பெரும்பாலும் அதுதான் முதல் வரி.

போன் நனைந்திருந்தால் மேலே சொன்னது எதையும் செய்யாதீர்கள். மும்பை மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இட்லி ஆவியே போதும். ஈரம் இருக்கும்போது சார்ஜ் போட்டால் உள்ளே ஷார்ட் ஆகும். சரி செய்யக்கூடிய போனும் கெட்டுவிடும். துணியால் துடையுங்கள். சிம்மை எடுத்துவிடுங்கள். காற்றாடும் இடத்தில் நன்றாகக் காய விடுங்கள். அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசியின் தூளும் குறுநொய்யும் ஓட்டைக்குள் போய்ச் சேரும்.

போன் அதிகமாகச் சூடாக இருந்தால் ஆறட்டும். வெயிலில் வைத்த போன் தானே அணைந்துவிடுவது உண்டு.

இன்னொன்றை நன்றாகப் பாருங்கள். போனின் முதுகு உப்பி இருக்கிறதா? மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அப்படியானால் பேட்டரி வீங்கிவிட்டது. இது ஆபத்து. சார்ஜ் போடாதீர்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். தீப்பிடிக்கும். தலையணைப் பக்கம், பிள்ளைகள் பக்கம் வைக்கக் கூடாது. குப்பையிலும் போடக் கூடாது. பழுது பார்க்கும் கடையில் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் கடைக்குப் போகத்தான் வேண்டும். போன் வாங்கி ஒரு வருடம் ஆகவில்லையா? பில்லைத் தேடி எடுங்கள். பெரும்பாலான புதுப் போன்களுக்கு ஒரு வருடம் கம்பெனியின் பொறுப்பு உண்டு. கம்பெனியின் சர்வீஸ் கடைக்கே போங்கள். உடைந்தது, நனைந்தது இதில் சேராது.

சாதாரணக் கடை என்றால், சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். சிம் தட்டின் ஓரத்திலேயே ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் ஊசி நுழைத்தால் தட்டு வெளியே வரும். தள்ளி இருக்கும் வேறு துளையில் குத்தாதீர்கள். அது மைக்காக இருக்கலாம். எடுத்த சிம்மை வீட்டில் உள்ள வேறு போனில் போடலாம். உங்கள் எண்ணுக்கு வரும் அழைப்பும் வங்கிச் செய்தியும் அதில் வரும்.

“எவ்வளவு ஆகும்?” என்று முதலிலேயே கேளுங்கள். போனைத் திறந்துகூடப் பார்க்காமல், “போர்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்க” என்று சொன்னால் இன்னொரு கடையிலும் கேளுங்கள். போனை விட்டுவிட்டு வருவதாக இருந்தால் சீட்டு வாங்குங்கள். அதைப் படித்துப் பாருங்கள். இப்போதுதான் உங்களுக்குப் படிக்கத் தெரியுமே!

பணம் அனுப்பும்போது போடும் ரகசிய எண்ணைக் கடைக்காரர் கேட்டால் சொல்லாதீர்கள். போனைப் பழுது பார்க்க அந்த எண் தேவையே இல்லை. ஏமாற்றி யாராவது பணம் எடுத்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வாங்கிய பொருளைப் பற்றிய புகாருக்கு எண் 1915.

எழுதிப் பாருங்கள்

போன் அணைந்தபோது அக்காவுக்கு மகளின் எண் நினைவுக்கு வரவில்லை. எல்லா எண்ணும் போனுக்குள் இருந்தது. உங்கள் வீட்டில் மூன்று பேரின் எண்களைப் பார்க்காமல் சொல்ல முடியுமா? உங்கள் நோட்டில் இவற்றை எழுதுங்கள்:

வீட்டில் உள்ளவர் பெயர் – எண்
வேலை கொடுப்பவர் அல்லது சரக்குக் கடை – எண்
உங்கள் வங்கிக் கிளை – எண்
போன் வாங்கிய தேதி, கடை

இன்னும் ஒன்று. போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் வரும். அதையும் எழுதி வையுங்கள். போன் திருட்டுப் போனால் போலீசில் இதைக் கேட்பார்கள். ரகசிய எண்ணை மட்டும் நோட்டில் எழுத வேண்டாம்.