சேய்ச் சாளரம் சுருங்காமல் காப்பது எப்படி?

நிரல் எழுதக் கற்றுவரும் நம் பிள்ளைகளுக்காக இந்தப் பாடம். பெற்றோரும் உடன் அமர்ந்து படிக்கலாம். கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

ஏலக்காய் வியாபாரத்துக்கு ஒரு கணக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெரிய தாய்ச் சாளரம் ஒன்று. அதற்குள் எடைச் சீட்டு, விலை, பட்டுவாடா என்று தனித்தனிச் சேய்ச் சாளரங்கள். சேயின் ஓரத்தை மவுஸால் பிடித்து இழுத்துச் சுருக்கலாம். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. 85 கிலோ, கிலோ 1450 ரூபாய், மொத்தம் 123250. சாளரம் சற்றே குறுகினால் கடைசிச் சுழியம் மறைந்து 12325 என்று தெரியும். வண்டன்மேட்டிலிருந்து சரக்கு அனுப்பிய விவசாயிக்கு நெஞ்சு பதறாதா?

1998இல் வந்த விஷுவல் பேசிக் 6இல் பலரும் கையாண்ட வழி, 'ரீசைஸ்' நிகழ்வில் அகலம் குறைந்துவிட்டதா என்று பார்த்து, குறைந்திருந்தால் மீண்டும் கூட்டுவது. இது குதிரை ஓடியபின் லாயத்தைப் பூட்டும் வேலை. சாளரம் சுருங்கி, பின் விரிந்து, திரை துடிக்கும். சாளரத்தை மினிமைஸ் செய்தாலோ 384 என்ற பிழை எண் வந்து நிற்கும்.

விண்டோஸே நல்ல வழி ஒன்று வைத்திருக்கிறது. அளவு மாறப்போகும் முன்பே அது சாளரத்திடம் கேட்கிறது: "உன் எல்லை என்ன?" இந்தச் செய்தியின் பெயர் டபிள்யூஎம்_கெட்மின்மேக்ஸ்இன்ஃபோ. அதோடு வரும் பட்டியலில் 'பிடிமின்ட்ராக்சைஸ்' என்ற இடத்தில் நம் குறைந்தபட்ச அகலமும் உயரமும் எழுதிவிட்டால், ஓரம் அதற்குமேல் நகராது. சேய்ச் சாளரத்தில் மட்டும் ஒரு கவனம் தேவை: முதலில் செய்தியை 'டெஃப்எம்டிஐசைல்ட்ப்ராக்' என்ற செயற்கூறுக்கு அனுப்பிவிட்டு, பிறகு நம் எண்களை எழுத வேண்டும். தாயின் உள்ளளவைப் பார்த்து, சேயை முழுதாகப் பெரிதாக்கும்போது எவ்வளவு என்று கணக்கிடுவது அந்தச் செயற்கூறுதான். அதை விட்டுவிட்டால் அந்தக் கணக்கு தவறும். 2002இல் வந்த டாட்நெட்டில் 'மினிமம்சைஸ்' என்ற பண்பு இருப்பதால் அங்கே ஒரே வரியில் வேலை முடிந்துவிடும்.

சரி, என்ன எண் எழுதுவது? ஆங்கில நிரலைப் பார்த்து எண்ணை அப்படியே எடுத்தெழுதாதீர்கள். 'டோட்டல்' என்ற ஐந்து ஆங்கில எழுத்து நிற்கும் இடத்தில் 'மொத்தத் தொகை' நிற்காது, பாதியில் வெட்டுப்படும். உயரத்திலும் நம் எழுத்து தாராளம்தான்: ழூ, ளூ போன்றவை வரிக்குக் கீழே இறங்குகின்றன. ஆகவே நீளமான தமிழ்ச் சொல்லையும், வரக்கூடிய மிகப் பெரிய தொகையையும் நிரலே அளந்து எல்லையை முடிவு செய்யட்டும். இதற்கு 'கெட்டெக்ஸ்ட்எக்ஸ்டென்ட்பாயின்ட்32' உண்டு. அது தருவது எழுத்தின் அளவு மட்டுமே. தலைப்புப் பட்டையும் ஓரமும் சேர்ந்தால்தான் சாளரத்தின் அளவு. அதைக் கூட்டித்தர 'அட்ஜஸ்ட்விண்டோரெக்ட்இஎக்ஸ்' இருக்கிறது.

திரையின் எழுத்தளவை 150 சதவீதமாக வைத்திருப்பவர்களும் உண்டு. வயதானவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். அங்கே 400 புள்ளி அகலம் 600 ஆக வேண்டும். எழுத்தளவு மாறும்போதெல்லாம் மறுபடி அளக்கச் செய்யுங்கள்.