ஓடிபி யார் போனுக்கு வருகிறது?

மகன் கல்லூரி விடுதிக்குக் கிளம்பும் வீட்டில் பெட்டி, பக்கெட், பருப்புப்பொடி பற்றித்தான் பேச்செல்லாம் நடக்கும். மதுரையிலிருந்து கிண்டிக்குப் பையனை அனுப்பிய ஓர் அப்பாவுக்குப் பிரிவு உறைத்தது அந்தப் பேச்சில் அல்ல. ஒரு மதியம், அலுவலகத்தில் அவர் போனில் ஆறு இலக்க எண் ஒன்று வந்து விழுந்தது. பின்னாலேயே பையன் அழைத்தான். “அப்பா, ஓடிபி வந்துச்சா? சீக்கிரம் சொல்லுங்க, டைம் முடிஞ்சிடும்.”

அந்த அப்பாதான் இதை எழுதுகிறவர். ‘நான், நான்’ என்று எழுதினால் புலம்பலாகிவிடும் என்பதால் அவர் ‘அவர்’ ஆகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பையனின் ஆதார், வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாவற்றிலும் அப்பாவின் எண்தான். பள்ளியில் சேர்த்தபோது கொடுத்தது அப்படியே தொடர்ந்துவிட்டது. 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 முடிந்தவன் மேஜர். ஓடிபி கணக்குப்படி அவன் இன்னும் மைனர்!

இதைச் சரிசெய்வதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பையன் பெயரிலேயே ஒரு சிம். அடுத்து அவனையே ஆதார் மையத்துக்கு அனுப்பி, கைரேகை வைத்து எண்ணை மாற்றிக்கொள்ளச் சொல்வது. வங்கி அதற்குப் பிறகு. ஏனென்றால் மற்ற பல வேலைகளும் ஆதார் ஓடிபியைத்தான் கேட்கும். மைனராக இருந்தபோது தொடங்கிய கணக்கு என்றால் 18 முடிந்ததும் மாதிரிக் கையெழுத்தைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். மைனருக்கு எடுத்த பான் அட்டையில் படமும் இராது, கையெழுத்தும் இராது. அதற்கும் திருத்த விண்ணப்பம் உண்டு. பிளஸ் டூ தேர்வுக்கும் கவுன்சலிங்குக்கும் நடுவே கிடைக்கும் விடுமுறை இதற்கெல்லாம் தோதான காலம். 18 அதற்குப் பிறகுதான் முடிகிறதென்றால், சிம்மைப் பிறகு வைத்துக்கொண்டு, ஆதாரில் எந்த போன் எண்ணைக் கொடுப்பது என்பதையாவது பேசி முடிவுசெய்து வைக்கலாம். கல்லூரி திறந்த பிறகு செய்யப்போனால் மையம் திறந்திருக்கும் நேரமெல்லாம் வகுப்பு நேரமாக இருக்கும்.

அடுத்தது பீரோவில் இருக்கும் பைல். டிசி, மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வாங்கியிருந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். எது எங்கே பயன்படும், எதைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும் என்பது பெரும்பாலான வீடுகளில் அப்பாவுக்கு மட்டுமே தெரியும். பையனைத் தரையில் உட்காரவைத்து, ஒவ்வொரு தாளையும் அவனே ஸ்கேன் செய்து பெயரிட்டு வைக்கச் சொன்னார் இவர். பாதியில் அவனுக்குக் கொட்டாவி வந்தது. வரட்டும்.

பணத்தில் இவருக்கும் வீட்டம்மாவுக்கும் கருத்து வேறுபாடு. 2024இல் அறிமுகமான யுபிஐ சர்க்கிள் வசதியில், அப்பாவின் கணக்கிலிருந்தே பையன் ஒரு வரம்புக்குள் செலவு செய்யலாம். அவசரத்துக்கு நல்லது. ஆனால் அவன் குடிக்கும் ஒவ்வொரு டீக்கும் அப்பாவின் போன் சிணுங்கும். அவரும் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார். அதனால் மாதத் தொகையை ஒன்றாம் தேதியே மொத்தமாக அவன் கணக்கில் போட்டுவிடுவது என்று முடிவானது. இருபதாம் தேதிக்குள் காலியானால் அவன்பாடு. (அம்மா தனியாக அனுப்பியது பிற்பாடுதான் தெரியவந்தது. அதைப் பற்றி இங்கே விவாதம் இல்லை.)

சமையல், துணி விஷயத்தில் அம்மா சொன்னதே சரி. “பொம்பளப் பிள்ளையா இருந்தா எட்டாங்கிளாசுலயே குக்கர் வைக்கப் பழக்கியிருப்பீங்கள்ல?” என்று அவர் கேட்டதற்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. கடைசி இரண்டு மாதம் பையன் தன் துணியைத் தானே துவைத்தான். சட்டைக் காலரைத் தேய்க்க வேண்டும் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்டதை மறக்காத தலைமுறை இது. மறு ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இப்போது சேர்க்கையின்போது மாணவரிடம் மட்டுமின்றிப் பெற்றோரிடமும் உறுதிமொழிப் பத்திரம் வாங்குகிறார்கள். பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். பையனோடு சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டிய தாள் அது. யுஜிசியின் ராகிங் புகார் எண் 1800-180-5522, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416 இரண்டையும் அவன் போனில் பதிய வைத்தார். “எனக்கெதுக்கு?” என்றான். “பக்கத்து ரூம் பையனுக்கு ஆகும்” என்றதும் பதிந்துகொண்டான்.

தினமும் போனில் “சாப்பிட்டியா?” என்று கேட்டால் “ம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “மெஸ்ஸில் இன்னைக்கு என்ன?” என்று கேட்டால் சாம்பாரைத் திட்டத் தொடங்கி, லேப், நண்பன், கொசு என்று கால்மணி நேரம் ஓடும். எல்லா நாளும் ஓடாது. எடுக்காவிட்டால் உடனே அறைத் தோழனுக்கு அடிக்காமல் இருப்பது இவருக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

தீபாவளி டிக்கெட்டை யார் எடுப்பது என்பது அடுத்த கேள்வி. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி ரயிலில் பண்டிகை நாளுக்கான இடம் காலை எட்டு மணிக்குத் திறந்த சூட்டில் தீர்ந்துவிடும். அதைப் பையனிடமே விட்டுவிடலாம். என்றைக்கு வகுப்பு, என்றைக்குத் தேர்வு என்பது அவனுக்குத்தான் தெரியும். திரும்புவதற்கான டிக்கெட்டையும் மறக்காமல் எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பண்டிகை முடிந்த ஞாயிறு இரவு மாட்டுத்தாவணியில், கிளாம்பாக்கம் பஸ்ஸுக்கு அப்பாவும் பிள்ளையுமாக இடம் தேடி அலைய வேண்டியிருக்கும்.