ஒரே துணி, ஒரே பாத்திரம்

சகோதரர்களே! திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்ததும் மைதானத்தில் கூடிப் பந்தாடும் தோழர்கள் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கம்பெனிகள் மூடியபோது பலருக்கும் வாரக்கூலி நின்றது. அத்தகைய வேளையில் தோழர்கள் தமக்குள் பணம் திரட்டினால் அதை எப்படிப் பங்கிடுவது?

யமன் நாட்டு அஷ்அரீ கூட்டத்தார் வழிகாட்டுகின்றனர். போரில் உணவு தீர்ந்து வந்தாலும், மதீனாவில் குடும்பத்தின் உணவு குறைந்தாலும், இருப்பதையெல்லாம் ஒரே துணியில் சேர்ப்பார்கள். பின்னர் ஒரே பாத்திரத்தால் சமமாகப் பங்கிடுவார்கள். அவர்களைத் தம்மவர் என்றே பெருமானார் (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்கள். இது புகாரீ, முஸ்லிம் நூல்களில் உள்ள ஹதீஸ்.

துணி ஈகையைக் கற்பிக்கிறது: அதில் கலந்தபின் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பேச்சில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் தர்மம் பாழாகும் எனத் திருக்குர்ஆன் (2:264) எச்சரிக்கிறது. பாத்திரம் நீதியைக் கற்பிக்கிறது: நன்றாக ஆடுபவருக்கு ஓர் அளவு, ஓரத்தில் நிற்பவருக்கு ஓர் அளவு என்பது கிடையாது. எல்லார்க்கும் பசியென்றால் சமபங்கு. ஒருவருக்கே நோயென்றால் அவர் தேவையே அளவு.

ஸகாத்தை இப்பணத்தில் கலக்க வேண்டாம். அதற்குரிய எட்டு வகையினரை இறைவன் (9:60) வரையறுத்துள்ளான். ஸதகாவோ மாற்றுமதத் தோழருக்கும் கொடுக்கத்தக்கது. வசூலித்த பணம் அமானிதம். கணக்குச் சொல்வது கடமை. மீதமிருந்தால், கொடுத்தவர்களைக் கேட்டே செலவிட வேண்டும்.

இன்னொன்று: தன்மானத்தால் கேட்காதவரை, அறியாதவன் செல்வந்தர் என்றே எண்ணுவான் என்கிறது மறை (2:273). ஆகவே கைநீட்டியவரோடு நின்றுவிடாதீர்கள். சில நாளாக மைதானத்துக்கு வராத தோழரின் வீட்டுக்கு முதலில் செல்லுங்கள். அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் அளிப்பானாக! ஆமீன்.